ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் தோற்றது எப்படி?

கேள்வி: 2021-ல் சபாநாயகரான மு. அப்பாவு, 2016-ல் 49 ஓட்டில் தோற்றார் என்கிறார்கள். அந்த வழக்கு எதைப் பற்றியது? கட்சி மாறி மாறி நின்றும் அவர் ஜெயித்தது எப்படி?

இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன், அதைச் சொன்னால்தான் முதலாவது புரியும்.

அப்பாவு 1996-ல் த.மா.கா. வேட்பாளர், சைக்கிள் சின்னம். 2001-ல் சுயேச்சை. 2006-ல் தி.மு.க., உதயசூரியன். மூன்று தேர்தல், மூன்று சின்னம், மூன்றிலும் வெற்றி. இதில் 2001-ஐத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். சுயேச்சைக்குச் சின்னம் கையில் கிடைப்பதே வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான். அதற்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவே சட்டப்படி இருக்க வேண்டியது குறைந்தது 14 நாள். நடைமுறையில் அதைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. ஓட்டு மெஷினிலும் கட்சிக்காரர்கள் பெயரெல்லாம் முடிந்த பிறகே சுயேச்சைகள் பெயர் வரும். பணகுடி, வள்ளியூர் பக்கத்து ஊர்களிலிருந்து கூடங்குளம் கடலோரம் வரைக்கும் புதுச் சின்னத்தை இரண்டு வாரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆளின் முகம் ஏற்கெனவே ஊர் ஊராகத் தெரிந்திருந்தால் ஒழிய நடக்காத காரியம்.

அந்த முகம் எதனால் பதிகிறது? திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் வட்டத்தில் தண்ணீர்தான் அரசியல். ராதாபுரம் கால்வாய்க்குத் தண்ணீர் வருவது பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியின் கோதையாறு பாசனத் திட்டத்திலிருந்து, அதாவது பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து. 52 குளங்கள் வழியாகவும் நேரடியாகவும் சேர்த்து 17,000 ஏக்கர் பாசனம். ஜூன் 16 முதல் அக்டோபர் 31 வரை, வினாடிக்கு 150 கன அடி என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அணையில் நீர் இருப்பு எவ்வளவு, பருவமழை எப்படி என்று பார்த்துத்தான் திறப்பார்கள். ஷட்டரில் 150 திறந்தாலும் கால்வாயில் செடியும் மண்ணும் அடைத்துக் கிடந்தால் கடைமடைக் குளத்துக்கு ஒன்றும் வந்து சேராது. வருஷா வருஷம் மே மாதமே தூர் வாரச் சொல்லி எழுதி, ஜூனில் அரசாணைக்கு அலைந்து, பிறகு எந்தக் குளம் நிரம்பியது என்று பின்தொடர்கிறவரை ஊர் மறக்காது. தேர்தலுக்கு முன் ஒரு மாதம் மட்டும் தலைகாட்டுகிறவர் எந்தக் கட்சியில் இருந்தாலும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்.

ஆனால் செல்வாக்கு இருந்தால் மட்டும் போதாது, சீட் கிடைக்க வேண்டுமே. 2011-ல் தி.மு.க. கூட்டணியில் ராதாபுரம் காங்கிரசுக்குப் போய்விட்டது. ஜெயித்தது தே.மு.தி.க.வின் மைக்கேல் ராயப்பன். கூட்டணிப் பங்கீட்டில் ஒரு சிட்டிங் எம்.எல்.ஏ. காணாமல் போவது தமிழ்நாட்டில் சகஜம்.

இப்போது 2016. அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590, அப்பாவு 69,541. வித்தியாசம் 49. அப்பாவு உயர் நீதிமன்றம் போனார். வழக்கின் மையம் 203 தபால் ஓட்டுகள்.

தபால் ஓட்டு போடுகிறவர்களில் பெரும்பாலோர் தேர்தல் பணியில் இருக்கும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், போலீசார். ஓட்டுச்சீட்டோடு படிவம் 13ஏ என்ற உறுதிமொழித் தாள் வரும். அதில் கையெழுத்துப் போட்டு, அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். ஓட்டுச்சீட்டை 13பி என்ற உள்கவரில் வைத்து ஒட்டி, அந்தக் கவரையும் 13ஏ தாளையும் 13சி என்ற வெளிக்கவரில் போட வேண்டும். எண்ணும் நாளில் முதலில் பார்ப்பது 13ஏ. அது இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் சரியில்லை, அதில் எழுதிய சீட்டு எண்ணும் உள்கவர் மேல் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்றால் உள்கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். யாருக்குப் போட்ட ஓட்டு என்று தெரியாமலே தள்ளுபடி.

ராதாபுரத்தில் அந்த 203-ல் சான்றொப்பம் இட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்கள் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரிகள் அல்ல என்று சொல்லித் தள்ளினார்கள். செல்லும் என்பது அப்பாவு தரப்பு வாதம். உயர் நீதிமன்றம் அதை ஏற்று, 2019 அக்டோபரில் அந்தத் தபால் ஓட்டுகளையும் மெஷின் ஓட்டுகளின் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணியும் முடித்தார்கள். ஆனால் இன்பதுரையின் மேல்முறையீட்டில், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021 தேர்தல் வரை அந்த முடிவு வெளியே வரவில்லை. தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது! இங்கே உயர் நீதிமன்ற உத்தரவுக்கே மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது.

ஆகவே சண்டையை எண்ணும் அறையிலேயே போட்டுவிட வேண்டும். கட்சிகள் வழக்கமாகச் செய்யும் தப்பு, விவரமான ஆட்களை மெஷின் டேபிள்களில் உட்காரவைத்துவிட்டு, தபால் ஓட்டு எண்ணும் ஆர்.ஓ. (தேர்தல் நடத்தும் அதிகாரி) டேபிளுக்கு யாரோ ஒருவரை அனுப்புவது. மெஷின் டேபிளில் வேலை சுலபம்: ஓட்டுப்பதிவு அன்று பூத் ஏஜென்ட் வாங்கிவந்த 17சி (பதிவான ஓட்டுக் கணக்குப் படிவம்) நகலில் உள்ள மொத்தமும் மெஷின் காட்டும் மொத்தமும் ஒன்றா என்று பார்த்தால் போதும். தபால் டேபிளில்தான் சட்டம் தெரிந்தவர் வேண்டும். ஒவ்வொரு தள்ளுபடிக்கும் காரணம் கேட்டு, அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். மொத்தக் கணக்கை அறிவித்ததும், படிவம் 20 என்ற முடிவுத் தாளில் ஆர்.ஓ. கையெழுத்துப் போடுவதற்குள், தேர்தல் நடத்தை விதி 63-ன்படி காரணத்தோடு மறு எண்ணிக்கை மனு தர வேண்டும். வாயால் கத்தினால் செல்லாது. கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு ஒரே வழி, முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. டெபாசிட் 2,000 ரூபாய்தான், ஆனால் 46-வது நாள் போனால் யாராலும் காப்பாற்ற முடியாது.

இப்போது விதி கொஞ்சம் இறுகியிருக்கிறது. தள்ளுபடியான தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவை அத்தனையையும் தேர்தல் ஆணையப் பார்வையாளர் முன்னிலையில் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். 49-க்கு 203 என்ற ராதாபுரக் கணக்கு அப்படியே இதில் அடங்கும்.

2021-ல் அதே இன்பதுரையை அப்பாவு ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டில் ஜெயித்து, மே 12-ல் போட்டியின்றி சபாநாயகர் ஆனார். தொகுதிக் கோணத்தில் இந்தப் பதவி இரண்டு பக்கமும் வெட்டும். சபாநாயகர் அவையில் கேள்வி கேட்க முடியாது, விவாதத்தில் கட்சி கட்ட முடியாது, ஓட்டு சமமாகப் பிரிந்தால் மட்டுமே ஓட்டு. கால்வாய்க்குத் தண்ணீர் கேட்பதென்றால் அமைச்சரையும் பொதுப்பணி, நீர்வளத் துறை அதிகாரிகளையும் நேரில் பிடித்துத்தான் கேட்க வேண்டும். அந்தப் பதவியில் இருப்பவர் கூப்பிட்டால் அவர்கள் வந்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.