வெல்வெட் உதிராமல் மான் கொம்பைப் பாடம் செய்வது எப்படி?

கனடாவின் ஆல்பர்ட்டாவில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "செப்டம்பர் தொடக்கத்தில், வில்வேட்டைப் பருவத்தில், உரிமத்தோடு ஒரு வெள்ளைவால் ஆண் மானை அடித்தேன். கொம்பில் வெல்வெட் (வளரும் கொம்பைப் போர்த்தியிருக்கும் மென்முடித் தோல்) அப்படியே இருக்கிறது. தலையை ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். உப்பைத் தேய்த்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர், ஃபார்மலின் (திசு அழுகாமல் காக்கும் ரசாயனக் கரைசல்) ஊசி போடச் சொல்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?"

முதலில் உப்பை மறந்துவிடுங்கள். தோலை உரித்து உட்பக்கத்தில், அதாவது சதைப் பக்கத்தில் தேய்க்கும்போதுதான் உப்பு நீரை இழுத்து வேலை செய்யும். கொம்பில் அந்தப் பக்கம் எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது, நீங்கள் மேலே முடிமீதுதான் தேய்க்க முடியும். அடியில் இருக்கும் ரத்தத்துக்கும் திசுவுக்கும் அது போய்ச் சேராது. போதாததற்கு, ஈரமான நாட்களில் மிச்சமிருக்கும் உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கொம்பை வியர்க்க வைக்கும். கழுத்துத் தோலுக்கும் முகத்தோலுக்கும் உப்பு சரி, கொம்புக்கு வேண்டாம். வெண்காரமும் அப்படித்தான், மேலோட்டமாக நின்றுவிடும்.

ஃப்ரீசரில் வைத்தது நல்ல வேலை. வெல்வெட் என்பது உயிருள்ள தோல், அதற்குள் ரத்தக்குழாய்கள் தலையிலிருந்து நுனி வரை ஓடுகின்றன. வசந்தத்தில் தொடங்கி கோடை முழுக்கக் கொம்பு வளர்வதே இந்த ரத்தத்தால்தான். கோடை முடிவில் டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது எலும்பு இறுகுகிறது, ரத்தம் நிற்கிறது, தோல் காய்ந்து கழன்றுகொள்ளத் தொடங்குகிறது. மான் அதைச் செடியிலும் மரத்திலும் உரசி, பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே உரித்துவிடும். வெள்ளைவால் மானுக்கு அந்த நேரம் ஏறக்குறைய செப்டம்பர் தொடக்கம்தான். ஆகவே உங்கள் கொம்பில் எலும்பு முற்றியிருக்கும், ரத்தம் குறைவாக இருக்கும், ஆனால் தோல் எலும்பை விட்டு நழுவத் தயாராக இருக்கும். ஜூலையிலோ ஆகஸ்டு தொடக்கத்திலோ கிடைக்கும் கொம்பில் நிலைமை நேர் எதிர்: தோல் கெட்டியாகப் பிடித்திருக்கும், நுனியோ இன்னும் குருத்தெலும்பாக, ரத்தம் நிறைந்து உருண்டையாக இருக்கும், முதலில் அழுகுவதும் அந்த நுனிதான்.

என்னைக் கேட்டால், உறைந்த நிலையிலேயே, கரையவிடாமல், ஃப்ரீஸ் ட்ரையர் (உறைந்த பொருளை வெற்றிடத்தில் உலர்த்தும் எந்திரம்) வைத்திருக்கும் பாடம் செய்பவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வெற்றிடத்தில் பனிக்கட்டி நீராக மாறாமல் நேராக ஆவியாகிப் போவதால் தோல் சுருங்காது, முடி உதிராது, நிறமும் வடிவமும் அப்படியே நிற்கும். வாரக்கணக்கில் ஆகும், செலவும் கூடுதல், எல்லாரிடமும் அந்த எந்திரம் இருக்காது, இருந்தாலும் கொம்பை மண்டையோட்டுத் தகட்டோடு அறுத்தெடுத்தால்தான் உள்ளே நுழையும். ஆனாலும் இதற்கு ஈடான முறை எனக்குத் தெரிந்து வேறில்லை.

அது கிடைக்கவில்லை என்றால் ஃபார்மலின். கொம்பைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாகக் கரையவிடுங்கள், வெந்நீர் பக்கமே போகாதீர்கள். கரைந்ததும் ஒவ்வொரு நுனியிலும், சுவரில் மாட்டினால் கண்ணில் படாத பின்பக்கமாக, கத்தி முனையால் சின்னதாக ஒரு கீறல். தலைகீழாகத் தொங்கவிட்டால் மிச்ச ரத்தம் வடியும். அப்புறம் அடிப்பக்கத்தில் தடித்துத் தெரியும் ரத்தக்குழாயில் ஊசியை ஏற்றி, நுனிக் கீறலில் தெளிந்த திரவம் வரும் வரை செலுத்த வேண்டும். உங்களுடையது முற்றிய கொம்பு என்பதால் குழாய் பல இடத்தில் அடைபட்டிருக்கும், அங்கெல்லாம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்கு ஒரு இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டியதுதான். அழுத்திச் செலுத்தினால் தோல் உப்பி எலும்பை விட்டுப் பிரிந்துவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் மேலேயும் தூரிகையால் பூசி, காற்றோட்டமான நிழலில் ஓரிரு வாரம் காயவிடுங்கள்.

கடையில் வரும் 37% ஃபார்மால்டிஹைடு கரைசலில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் அதுதான் 10% ஃபார்மலின் (கடைக் கரைசலையே முழு ஃபார்மலினாகக் கொண்டு போடும் கணக்கு இது). இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. ஊசியை அழுத்தும்போது திரவம் வேறொரு துளை வழியாகக் கண்ணுக்கு நேராகப் பீய்ச்சும், இது அடிக்கடி நடப்பது, எனவே கண்ணை முழுக்க மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, ஃபார்மால்டிஹைடு ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகக்கவசம், திறந்தவெளி, நான்கும் வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டின் அடித்தளத்தில் செய்யவே செய்யாதீர்கள். முகத்தோலை இன்னும் உரிக்கவில்லை என்றால் கொம்பின் அடியைச் சுற்றி பிளாஸ்டிக் கட்டிவிடுங்கள். ஃபார்மலின் பட்ட தோல் விறைத்துப்போகும், பிறகு பதனிட வராது.

கரைந்தபின் கட்டைவிரலால் லேசாகத் தள்ளிப் பார்க்கும்போது வெல்வெட் வழுக்கினாலோ முடி கையோடு வந்தாலோ, எந்த மருந்தும் அதைத் திரும்ப ஒட்டவைக்காது. அப்போது முழுவதையும் உரித்து, எலும்பைச் சுத்தம் செய்து, பசை பூசி, மின்னூட்டத்தால் நிற்கவைக்கும் நுண்ணிழைகளைத் தூவிச் செயற்கை வெல்வெட் போடலாம். நல்ல கை செய்தால் சில அடி தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது, பூச்சியும் அரிக்காது. இயற்கை வெல்வெட்டை, ஃப்ரீஸ் ட்ரை செய்ததையும் சேர்த்துத்தான், அந்துப்பூச்சியும் தோல்வண்டும் தேடி வரும். மாட்டுவதற்கு முன் பூச்சித் தடுப்பு போடச் சொல்லுங்கள், நேர் வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள், தூசியை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தட்டுங்கள்.

பெரிய கொம்புகளை அளந்து பதிவு செய்யும் வேட்டைச் சங்கங்களின் பதிவுப் புத்தகத்தில் இடம்பெறும் ஆசை இருந்தால் இப்போதே முடிவெடுங்கள். பூன் அண்ட் கிராக்கெட் கிளப் வெல்வெட்டை நீக்கிய பிறகே அளக்கும், வில்வேட்டைக்கான போப் அண்ட் யங் கிளப் வெல்வெட் கொம்புகளைத் தனிப்பிரிவில் ஏற்கிறது.

இன்னொன்று, மாகாண எல்லையைத் தாண்டி எடுத்துப்போவதாக இருந்தால் முதலில் அங்குள்ள வனவிலங்குத் துறையிடம் கேளுங்கள். மான்களைத் தாக்கும் நாள்பட்ட நலிவு நோய் ஆல்பர்ட்டாவிலும் இருக்கிறது, அதனால் பல இடங்களில் திசு ஒட்டாத, சுத்தம் செய்த கொம்பையும் மண்டைத் தகட்டையும் மட்டுமே அனுமதிக்கிறார்கள், வெல்வெட்டும் திசு என்றே கணக்காகலாம்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம், காட்டில் தானாக விழுந்து கிடக்கும் கொம்பைக்கூட எடுத்து வராதீர்கள்.