பி53 பட்டை ஏன் 53-இல் விழுகிறது?

கேள்வி இதுதான்: புற்றுநோயைத் தடுக்கும் மனித பி53 புரதத்தில் 393 அமினோ அமிலங்கள், கணக்குப்படி எடை சுமார் 43.7 கிலோடால்டன். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) பட்டை 53-க்குப் பக்கத்தில் விழுகிறதே, பி53-ஐப் பிடிக்க வேண்டிய டிஓ-1 ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறதா?

இல்லை, அது சரியான இடம்தான். இந்தப் புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த ஒரு பகுதி இருப்பதால் ஜெல்லில் மெதுவாக நகர்ந்து, இருப்பதைவிடக் கனமாகத் தெரிகிறது. 1979-இல் கண்டுபிடித்தபோது ஜெல்லில் பார்த்த எடைதான் பெயராகவே ஒட்டிக்கொண்டது!

ஆனாலும் சந்தேகப்படுவது நல்ல பழக்கம். பி53 மரபணுவை இழந்த எச்1299 என்ற நுரையீரல் புற்றுநோய் செல்களின் சாற்றையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். அதிலும் அதே பட்டை வந்தால் ஆன்டிபாடியை நம்பாதீர்கள்.

அப்புறம், டிஓ-1 பிடிப்பது புரதத்தின் முன்முனையில் 20 முதல் 25 வரையிலான அமினோ அமிலங்களை. அந்த முனை இல்லாத குறு வடிவங்கள் இதில் தெரியாது. எலியின் பி53-யும் தெரியாது. எலி மாதிரியில் இதைப் போட்டுவிட்டு வெற்று பிளாட்டைப் பார்த்துத் தலையில் கைவைப்பவர்கள் உண்டு. இயல்பான செல்களில் எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் பி53-ஐ உடனுக்குடன் அழிக்க வைப்பதால் பட்டை மங்கலாகத்தான் இருக்கும். டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்து டிஎன்ஏவைச் சேதப்படுத்தினால் தடிக்கும்.