லிஸ்ட் போட்டும் மளிகை மிஞ்சுகிறதே!

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் அத்தை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மாதம் ஒன்றாம் தேதி சூப்பர் மார்க்கெட் போய் லிஸ்ட் போட்டுத்தான் வாங்குகிறோம். ஆனால் இருபதாம் தேதிக்குள் துவரம் பருப்பும் எண்ணெயும் தீர்ந்துவிடும், கடலை மாவும் ரவையும் வண்டு பிடித்துக் கிடக்கும். அத்தைக்குச் சர்க்கரை என்று ஆசையாக வாங்கிய தினையும் சாமையும் இரண்டு தடவை சமைத்ததோடு சரி. காய் வாராவாரம் அழுகுகிறது. திங்கள் முதல் ஞாயிறு வரை மெனு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன், நாலு நாள் தாண்டவில்லை. வாரத்தில் மூன்று ராத்திரி ஹோட்டல் பார்சல்தான். எங்கே தப்பு செய்கிறேன்?
— வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் வீட்டின் பழைய வருஷங்கள்தான் ஞாபகம் வந்தன. நாங்களும் இப்படித்தான் இருந்தோம், சரியாக வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதனால் தப்பு செய்கிறேன் என்று மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள். நீங்கள் போடுவது சமைக்க ஆசைப்படுவதன் லிஸ்ட், அடுப்பில் ஏறுவது வேறு. அந்த இடைவெளியைத்தான் குறைக்க வேண்டும்.

எங்களுக்கு முதலில் கைகொடுத்தது ஒரு பேனா. எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் அன்றைய தேதியை அதன் மேலேயே எழுதுவோம், டப்பாவில் கொட்டினால் டப்பாவில் ஒரு துண்டு பேப்பரை ஒட்டி எழுதுவோம். தீர்ந்த அன்று அந்த இரண்டு தேதியையும் நோட்டில் குறித்துவிடுவோம். மூன்று மாதத்தில் உண்மை தெரிந்துவிட்டது. ஒரு கிலோ துவரம் பருப்பு எங்களுக்குப் பதினாறு நாள்தான் வருகிறது, நாங்களோ மாதத்துக்கு ஒரு கிலோதான் எழுதிக்கொண்டிருந்தோம். ஆஃபரில் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று வாங்கிய கடலை மாவு மூன்று மாதம் ஆகியும் தீரவில்லை. அதற்கப்புறம் கடலை மாவு கால் கிலோதான், பஜ்ஜி போடும் வாரத்தில் மட்டும். லிஸ்டை யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை, நோட்டே திருத்தியது. எண்ணெய் மட்டும் வேறு கணக்கு. சீக்கிரம் தீர்ந்தால் அடுத்த மாதம் கூட்டி வாங்குவதற்கு முன் பொரிப்பது அதிகமாகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

வண்டு விஷயத்துக்கு வருகிறேன். ரவையையும் சேமியாவையும் வாங்கி வந்த அன்றே வெறும் வாணலியில் சூடேற வறுத்து, நன்றாக ஆறியபின் டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் வேர்த்துக் கெட்டுப்போகும். பருப்பு டப்பாவில் நாலு காய்ந்த மிளகாய் போதும். பழைய மிச்சத்தின் மேல் புதுசைக் கொட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், எங்கள் வீட்டில் வண்டு வந்ததெல்லாம் அந்த அடிமிச்சத்திலிருந்துதான். சிறுதானியமும் அப்படித்தான். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த சமயம் எல்லோர் வீட்டிலும் கிலோ கணக்கில் வாங்கி அடுக்கினோம். உமி நீக்கிய தினையும் சாமையும் அரிசி மாதிரி மாதக்கணக்கில் தாங்காது, சிக்கு வாடை வந்துவிடும். அரைக் கிலோ சாமை மட்டும் வாங்கி, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், உதாரணமாக வியாழன் ராத்திரி, சாமை உப்புமா என்று வையுங்கள். ஆனால் சர்க்கரைக்காரர்கள் சிறுதானியம் என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடக் கூடாது, அதிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது. அத்தையின் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

மெனு அட்டவணை நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. செவ்வாய் கத்தரிக்காய்க் காரக்குழம்பு என்று எழுதியிருப்பீர்கள், அன்றைக்குக் கத்தரிக்காய் சொத்தையாக இருக்கும், இல்லை சின்னவனுக்குக் காய்ச்சலாக இருக்கும், ஒரு நாள் தவறினால் மொத்தமும் சரிந்துவிடும். நாங்கள் பதார்த்தப் பெயர் எழுதுவதை விட்டுவிட்டு, எந்தக் காய் முதலில் வாடுமோ அதை முதலில் சமைப்பது என்று மட்டும் வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை காய் வாங்கினால் அன்றோ மறுநாளோ கீரை. அடுத்த இரண்டு நாள் வெண்டை, கத்தரி, பீன்ஸ். வார நடுவில் முட்டைகோஸ், கேரட், பீட்ரூட். வெள்ளி, சனிக்குச் சேனை, உருளை, பூசணி, அதுவும் தீர்ந்தால் இருக்கவே இருக்கிறது சுண்டைக்காய் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும். என்ன சமைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டாம், கூடையைப் பார்த்தால் போதும். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வையுங்கள். கீரையைக் கழுவாமல் துணியில் சுற்றி வையுங்கள். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை சீக்கிரம் முளைவிடும்.

அந்தப் பார்சல் ராத்திரிகளைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. ஏழரை மணிக்குக் களைத்து வந்து கதவைத் திறக்கும்போது அடுப்படியில் எதுவுமே தயாராக இல்லை என்றால் யாரானாலும் போனைத்தான் எடுப்பார்கள். அந்த நேரத்துக்கு மாவு இருக்க வேண்டும். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். சனி மதியம் ஊறவைத்து ராத்திரி அரைத்துவிடுங்கள், உளுந்து அரையும்போது ஐஸ் தண்ணீர் தெளித்தால் கிரைண்டர் சூட்டில் மாவு காயாது. ஞாயிறு, திங்களுக்கு வேண்டியதை மட்டும் வெளியே புளிக்க விடுங்கள். மீதியை அரைத்த உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, புதன் காலை வேலைக்குக் கிளம்பும்போது வெளியே எடுத்து வைத்தால் ராத்திரி தோசைக்குப் பொங்கி நிற்கும். இதோடு ஒரு வாரத்துக்கான தக்காளித் தொக்கு. இந்த இரண்டும் வந்தபின் எங்கள் வீட்டில் பார்சல் மாதத்துக்கு இரண்டு தடவையாகக் குறைந்தது.

இன்னொன்று. வீட்டில் அத்தை இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் லிஸ்ட் போடும்போது அவர்களைக் கேட்டதாக ஒரு வரியும் இல்லை. பகல் முழுக்க அந்த அடுப்படியோடு இருப்பவர்கள் அவர்கள்தான். எது மிஞ்சுகிறது, பிள்ளைகள் எதைத் தட்டில் ஒதுக்குகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த நோட்டை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். கணவரையும் விடாதீர்கள், ஞாயிறு காய் வாங்குவது அவர் பொறுப்பாகட்டும். முதல் மாதம் முற்றின வெண்டைக்காய் வரும். நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கச் சொல்லிக் கொடுங்கள், கற்றுக்கொள்வார்.

கேள்வி: கோவையில் இருந்தவரை குக்கரில் நாலு விசிலில் குழைந்த பருப்பு, வீடு மாறி போர் தண்ணீர் வந்ததிலிருந்து எட்டு விசில் விட்டாலும் வேகவில்லை. கடையை மாற்றியும் பார்த்துவிட்டேன்.
— வாசகர், அவிநாசி

பதில்: கடைக்காரர் மேல் தப்பு இருக்காது. சிறுவாணித் தண்ணீரில் சமைத்துப் பழகியவர்களுக்குப் போர் தண்ணீர் பெரிய மாற்றம். உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை வேகவிடாமல் இறுக்கிவிடும். குடிக்கும் தண்ணீரிலேயே பருப்பை அரை மணி ஊறவைத்து, அதிலேயே வேகவையுங்கள், கொஞ்சம் மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயும் சேர்த்து. உப்பு, புளி, தக்காளி எதுவும் பருப்பு மசிந்தபின்தான். இவ்வளவுக்கும் வேகவில்லை என்றால் அது ரொம்பப் பழைய பருப்பு, அரைத்துப் பருப்புப் பொடியாக்கிவிடுங்கள்.

கேள்வி: உழவர் சந்தையில் நிஜமாகவே விலை குறைவா?
— வாசகி, மதுரை

பதில்: குறைவுதான், அதுவும் நீங்கள் இருப்பது உழவர் சந்தை பிறந்த ஊர். 1999 நவம்பரில் முதல் சந்தை மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். இடைத்தரகர் இல்லாமல் அடையாள அட்டை வாங்கிய விவசாயிகளே விற்கிறார்கள், அன்றைய விலையைப் போர்டில் எழுதிவைப்பார்கள். காலையில் சீக்கிரம் போங்கள், வெயில் ஏறினால் நல்ல கீரை இருக்காது. சில்லறையும் இரண்டு துணிப்பையும் எடுத்துப் போங்கள். தக்காளிக்குத் தனிப் பை.