சிவப்புக் கற்றாழை பச்சையாகிவிட்டதே!

கேள்வி: ‘கிறிஸ்துமஸ் கரோல்’ கலப்பினக் கற்றாழை வாங்கினேன். வந்தபோது இலையோரமும் மேலே உள்ள புள்ளிகளும் நல்ல சிவப்பு. வீட்டுக்குள் வைத்த கொஞ்ச நாளில் வெறும் பச்சையாகிவிட்டது. என்ன உரம் போடலாம்?

பதில்: உரத்தைத் தொடாதீர்கள், அதுவும் தழைச்சத்து உரம் போட்டால் இருக்கிற சிவப்பும் போய்விடும். செடி வளர்ப்பாளர் கெல்லி கிரிஃபின் உருவாக்கிய இந்த ரகத்தில் சிவப்பைத் தருவது இலையில் உருவாகும் ஒரு நிறமி. நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் லேசான தாகமும் இருந்தால்தான் செடி அதைத் தயாரிக்கும், நிழலில் சொகுசாக வைத்தால் பச்சைதான். அதற்காக இன்றைக்கே மொட்டை வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள், முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அவசரப்பட்டால் இலை வெளிறிக் கருகும், அந்தத் தழும்பு ஆறவே ஆறாது.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?

பதில்: நாள் கணக்கே வேண்டாம். ஒரு மரக்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள், மண் ஒட்டாமல் காய்ந்து வந்தால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். இலை மெலிந்து உள்பக்கமாக மடிந்தால் தாகம், அடியிலை கண்ணாடி மாதிரி ஊறிக் கொழகொழத்தால் தண்ணீர் அதிகம். மண் கலவையில் பாதிக்குக் குறையாமல் பெர்லைட், பியூமிஸ் போன்ற நுண்துளைக் கல்துண்டுகள் அல்லது பருமணல் இருக்கட்டும்.

கேள்வி: இலையோரத்தில் சொரசொரப்பாக ஏதோ தடித்து வளர்கிறது. நோயா?

பதில்: பதறுவதற்கு முன் உற்றுப் பாருங்கள். இந்தக் கலப்பினங்களுக்கு மேடும் பல்லும் பிறவிக் குணம், ஆனால் அவை ஓரளவு சீராக, எல்லா இலையிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் காலிஃபிளவர் மாதிரி தாறுமாறாகப் பொங்கியிருந்தாலோ பூந்தண்டு முறுக்கிக்கொண்டாலோ அது கற்றாழைச் சிலந்திப்பேனின் வேலை. வெறுங்கண்ணுக்குத் தெரியாத இது காற்றிலும் கத்தியிலும் பரவும். செடியை உடனே தனியே ஒதுக்கி, கெட்ட பகுதியை நல்ல சதை வரை வெட்டியெடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழிக்கு வேண்டாம். கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். சாதாரண பூச்சிமருந்துகள் பல இதற்குப் பலிக்காது, சிலந்திப்பேனுக்கான மருந்தே வேண்டும். குருத்துவரை பரவிவிட்டதா, என்னைக் கேட்டால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு செடியையே தூக்கிப் போடுங்கள், மற்ற தொட்டிகளாவது பிழைக்கும்.

கேள்வி: ஒரு இலையை நட்டுப் புதுச் செடி வளர்க்கலாமா?

பதில்: முடியாது, இலை அழுகும் அல்லது காயும். பக்கக் கன்றை வேரோடு பிரித்து, வெட்டு காய்ந்தபின் நடுங்கள். விதையும் முளைக்கும்தான், ஆனால் தாயைப் போலவே வராது.

கேள்வி: சோற்றுக் கற்றாழை மாதிரி இதன் ஜெல்லைச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கற்றாழை இனங்களில் நச்சுள்ளவையும் உண்டு, இது அழகுக்கு வளர்க்கும் செடி.