கார் வேலை பழக எந்த ஸ்பேனர்கள் வாங்குவது?

மாருதி காரில் சின்ன வேலைகளை நீங்களே பழக எந்த ஸ்பேனர்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், ஒரு முனை வாய், மறுமுனை ரிங் உள்ள காம்பினேஷன் செட். 8, 10, 12, 14, 17 மி.மீ. இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். இறுகிய போல்ட்டை ரிங் பக்கத்தால்தான் இளக்க வேண்டும். அது தலையைச் சுற்றிப் பிடிக்கும். வாய்ப் பக்கம் இரண்டு பட்டைகளை மட்டும் பிடிப்பதால் வழுக்கி, மூலை மழுங்கிவிடும். மழுங்கிய போல்ட்டைக் கழற்றுவது பெரும்பாடு. வாயைத் திருகி அளவு மாற்றும் ஸ்க்ரூ ஸ்பேனரும் இரண்டு பட்டைகளைத்தான் பிடிக்கும். அதனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

அப்புறம், 3/8 அங்குலச் சதுர முனை ராட்செட்டும் (எடுத்து மாட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருகும் கைப்பிடி), அதில் மாட்டும் ஆறு மூலை சாக்கெட்டுகளும் (போல்ட் தலையை மூடிப் பிடிக்கும் குழல்கள்). 10 மி.மீ. மட்டும் இரண்டாக வாங்குங்கள். பேட்டரி டெர்மினலுக்கு அதுதான், இஞ்சின் இடுக்கில் விழுந்து தொலைவதும் அதுதான். வீல் நட்டுக்கு 19 மி.மீ. சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும் வேண்டும். சின்ன ராட்செட்டால் அதை இளக்கினால் ராட்செட்டின் உள்ளே பல் உடையலாம்.