பட்டா அண்ணன் பெயரில். தேக்கை அவர் மட்டும் விற்கலாமா?

கேள்வி: திருவையாறு பக்கம், கொள்ளிடப் படுகையை ஒட்டி எங்களுக்கு ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நிலம். அப்பா வைத்த தேக்கும் கரையோரம் மூங்கிலும் நிற்கின்றன. அப்பா 2016-இல் காலமானார், உயில் இல்லை. அண்ணன் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, மர வியாபாரியிடம் முன்பணமும் வாங்கிவிட்டார். மரங்களில் பட்டையைச் செதுக்கிச் சிவப்பு பெயின்ட்டில் எண் போட்டாகிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்குப் பணம் வந்தால் போதும். தோப்பு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1986-இல் சீர் செய்து கட்டிக்கொடுத்ததால் எனக்குப் பங்கே இல்லை என்கிறார் அண்ணன். அம்மா அவரோடு இருக்கிறார்.

பதில்: சகோதரி, முதலில் மரம் வெட்டுவதை நிறுத்துங்கள். பாகம், பட்டா எல்லாம் பிறகு. வெட்டுவதற்கென நிற்கும் மரத்தைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அசையாச் சொத்தில் சேர்ப்பதில்லை. நிலம் கைமாறினால் பத்திரம் பதிய வேண்டும், வில்லங்கச் சான்றில் தெரியும். மரத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் ஒப்பந்தம் போதும். எத்தனை முறை வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் உங்களுக்குத் தெரிய வராது.

ஆகவே இந்த வாரமே அண்ணனுக்கும் வியாபாரிக்கும் தனித்தனியாக வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். பங்குத் தகராறு இருப்பது எழுத்தில் வந்த பிறகு பெரும்பாலான வியாபாரிகள் கோடாலியை எடுக்கத் தயங்குவார்கள். தேக்கை ஏற்றிச் செல்ல வனத்துறை அனுமதி கேட்கும் நடைமுறை இருப்பதால் மாவட்ட வன அலுவலருக்கும் ஓர் ஆட்சேபனை மனு கொடுங்கள். எண் போட்ட மரங்களை ஒவ்வொன்றாக, எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு போட்டு, கூடவே இடைக்காலத் தடை கேளுங்கள். வழக்கறிஞர் ஆணையரை நியமித்து மரங்களை எண்ணி, சுற்றளவு குறிக்கவும் மனு போடுங்கள். நாளை கணக்குக் கேட்கும்போது அந்த அறிக்கைதான் பேசும்.

பங்கு இல்லை என்பது தவறு. நிலம் அப்பா சுயமாகச் சம்பாதித்தது என்றால் அம்மா, நீங்கள் மூவர் என நால்வருக்கும் கால் பங்கு. பூர்வீகம் என்றால் பிள்ளைகள் மூவருக்கும் 16-இல் 5, அம்மாவுக்கு 16-இல் 1. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தர, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989 திருத்தம் அதற்கு முன் மணமான பெண்களை விலக்கியது உண்மை. அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார் போலும். 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சீர் கொடுத்தது பங்கைக் கழிக்காது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமாகவோ பாகம் பிரிந்திருந்தால் பூர்வீகக் கணக்கு மாறும். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, உரிமைப் பத்திரம் அல்ல.

படுகை நிலம் என்பதால் ஒன்று: சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். மூங்கில் நிற்கும் பகுதி ஆற்றுப் புறம்போக்கில் வந்தால் அது உங்கள் யாருடையதும் அல்ல.

இனி என் அபிப்பிராயம். தடை வாங்கிய கையோடு பேச்சுக்கு உட்காருங்கள். வழக்கு முடியும்வரை காத்திருந்தால் தோப்பைக் கவனிக்க ஆளிருக்காது. முற்றிய மரங்களை மட்டும் வெட்டி அந்தப் பணத்தில் தம்பியின் பங்குக்கு ஈடு கொடுக்கலாம். அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். வர முடியாவிட்டால் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அவர் வெளியாளுக்கு விற்கப் போனாலும், வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி அப்பாவிடமிருந்து வந்த பங்கை வாங்கும் முன்னுரிமை உங்களுக்கு உண்டு. மீதி நிலத்தில் இளமரம் நிற்கும் பக்கத்தை உங்கள் பாகமாகக் கேளுங்கள். அளவு குறைந்தாலும் மர மதிப்பைச் சேர்த்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

இத்தனை வருடம் தண்ணீர் கட்டி, வேலி போட்டுக் காத்தவர் அண்ணன் என்றால், அந்த உழைப்புக்கு ஒரு தொகையை ஒதுக்கலாம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பல வீடுகளில் பேச்சு முறிவது அந்த இடத்தில்தான். அம்மாவின் பங்கை மட்டும் அவர் காலம்வரை அவர் பெயரிலேயே விடுங்கள். யாருக்கும் எழுதிக்கொடுக்க இப்போது வற்புறுத்த வேண்டாம்.