மரப்பெட்டி வால்வு ரேடியோ: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பல வருடம் பரணில் கிடந்த வால்வு ரேடியோ கைக்கு வந்திருக்கிறது. கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். நன்றாக இருந்த செட்டுகள் பாழாவது பெரும்பாலும் இந்த "சும்மா ஒரு தடவை" சோதனையில்தான். பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) காய்ந்து போயிருக்கும். அதைவிட மோசம் காகிதக் கெப்பாசிட்டர்கள். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்குப் போகிறதே, 0.01 மைக்ரோஃபாரட் அளவில் ஒன்று, முதலில் அதை மாற்றுங்கள். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். உள்ளே பிளேட் செக்கச்செவேலென்று பழுக்கும். அப்போதும் அணைக்காவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். அது கிடைப்பதுதான் கஷ்டம்.

மாற்றியபின் 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு, அதாவது பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி, கரண்ட் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். முதலில் எரிந்து பிறகு மங்கினால், சரி, மேலே போகலாம்.

கேள்வி: புதுப் பாகம் போட்டால் பழமை போய்விடாதா?

பதில்: பழைய கெப்பாசிட்டரின் அட்டைக் கூட்டைக் காலி செய்து, புதியதை உள்ளே வைத்து, மெழுகால் அடைத்துவிடலாம். சேஸிஸை, அதாவது பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டைக் கவிழ்த்து யார் பார்க்கப்போகிறார்கள் என்பீர்கள். நான் பார்ப்பேனே!

கேள்வி: குமிழைக் கழற்றியபோது ஷாக் அடித்தது. ஏன்?

பதில்: உங்கள் செட்டில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா பாருங்கள். சில செட்டுகளில் கிடையாது. மின்சாரத்தின் ஒரு முனை நேராக சேஸிஸிலேயே இருக்கும். செட்டை மெயின் லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே வேண்டாம். மற்ற செட்டுகளிலும் ப்ளக்கைப் பிடுங்கியபின் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

கேள்வி: மரம் கறுத்துவிட்டது அண்ணா. உப்புத்தாள் போடட்டுமா?

பதில்: ஐயோ, கூடாது. மேலே இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வினீர், ஒட்டிய மெல்லிய மரத்தாள். ஓரங்களில் இரண்டு இழுப்பு கூடினால் அடிப்பலகை தெரிந்துவிடும். பாதி நேரம் அது கறுப்பே அல்ல, கைப்பிசுக்கும் புகையும்தான். பஞ்சில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் பழுப்பாக வந்துவிடும். பிறகும் மங்கலாக இருந்தால், கண்ணுக்குப் படாத மூலையில் ஸ்பிரிட் ஒரு சொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். அதன்மேலேயே புதிதாக அரக்குப் பாலிஷ் ஏற்றலாம். பாலியூரித்தேன் மட்டும் அடித்துவிடாதீர்கள், பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: டயல் கண்ணாடி?

பதில்: வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கம் எழுத்து இருக்கும். ஈரத்துணி பட்டால் உரிந்து வந்துவிடும்.

கேள்வி: ஸ்டேஷன் சரியாக எடுக்கவில்லை. அலுமினிய டப்பாக்களில் இருக்கும் திருகுகளைத் திருப்பிப் பார்க்கட்டுமா?

பதில்: சோதனைக்கு அலைவரிசை கொடுக்கும் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் கை வைக்காதீர்கள். அவை ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்ஃபார்மர்கள், பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு வைத்தவை. முதலில் ஏரியல் வயரைப் பாருங்கள், அப்புறம் வீட்டு எல்.இ.டி. பல்புகளையும் சார்ஜர்களையும் அணைத்துப் பாருங்கள். மீடியம் வேவில் வரும் இரைச்சலில் பெரும்பங்கு அவற்றுடையது.